பெத்தாவின் றங்குப் பெட்டி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நம் பாட்டி பெத்தாவின் றங்குப் பெட்டியைத் துப்புரவாக்கினேன். அடியில், பழைய சேலைத் துண்டில் சுற்றி, அவவின் பூட்டனார் எழுதிய கடிதங்கள். மொத்தம் 11. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த இரவு, பெத்தா இந்தப் பெட்டியின் மேல்தான் விடியும்வரை குந்தியிருந்தா. உள்ளே நகை இருக்கிறது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பிறக்கிராசியார் என்று பெத்தா சொல்லுவாவே, அந்தக் காலத்து வழக்கறிஞர், அவர்தான். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர். 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கி, 1855-இல் மூடிய கல்லூரி அது. சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார்; பிறகு வழக்கறிஞர் தொழிலும் பார்த்தார், உதிர்ந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை அச்சிலும் ஏற்றினார்.

நம்முடையவரின் கடிதங்களில் அப்படிப் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பதினாறு வயதுப் பையன் அக்காவுக்கு எழுதுகிறான். மழைக்கு விடுதி ஒழுகுகிறது. கணக்கும் வானசாஸ்திரமும் விளங்குகிறது, இங்கிலீசில் வாய் திறக்கத்தான் வெட்கம். ஒடியல் கூழ் தொண்டைக்குள் இறங்குதில்லை, உன் கையால் வைத்த மீன் ஆணம் வேண்டும். ஓர் இடத்தில் மை கலங்கி, 'அக்கா' என்ற சொல்லில் 'கா' மட்டும்தான் மிச்சம். கண்ணீர் பட்ட இடம்தான், பார்த்தால் உனக்கும் விளங்கும்.

அதை வாசிக்க வாசிக்க உன் நினைவுதான். போன் எடுத்தால் "ஓம் அம்மா, சுகம், சாப்பிட்டேன்" என்கிறாய். போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததை உன் சிநேகிதி சொல்லித்தான் அறிந்தேன். மனம் நொந்துபோச்சு, மகள்.

கடைசிக் கடிதம் 1875-இல் தன் மகனுக்கு எழுதியது. நீ படிக்கிற சட்டக் கல்லூரி 1874-இல்தான் தொடங்கியது. இவர் அதற்கு முன்பே ஒரு மூத்த பிறக்கிராசியிடம் நின்று தொழில் பழகினவர். ஒரு வழக்கைப் பற்றிச் சொல்கிறார். தகப்பன் செத்ததும், மட்டக்களப்பில் அப்போது இருந்த தாய்வழி வாரிசு முறையான முக்குவர் சட்டப்படி, பரம்பரையாக வந்த முதுசக் காணி அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிறது. கூடவே நின்று உழுத மகன் கோட்டு வாசலில் நிற்கிறான். "வழக்கை வென்றேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரியின் பிள்ளைகளுக்காக வாதாடினவர் இவர்தான்! அடுத்த வருஷம், 1876-இல், பிரிட்டோ என்ற வழக்கறிஞர் அந்தச் சட்டத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே வருஷம் வந்த கட்டளைச் சட்டம் அந்த வாரிசு முறையை மாற்றியது. ஆனாலும் நம்முடைய பக்கத்தில் வீடு வளவு இன்றைக்கும் பெண் பிள்ளைக்குத்தான். இந்த வீடும் உனக்குத்தான், பெட்டியும் உனக்குத்தான்.

தாள் மடிப்பில் பிடித்தால் உதிருது. நீ வரும்வரை இனித் திறக்க மாட்டேன்.

சரி, வெள்ளி இரவு பஸ்ஸில் கருவாடும் இடியப்ப மாவும் வரும், போய் எடு. அப்புறம் இருந்து ஒரு கடிதம் எழுது. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுது.

இப்படிக்கு,
அம்மா