ஏழு கோடியில் போட்ட வேலி

பெரும்பாக்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நம்பு. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். நடந்து போய் என் மனைவி வைக்கும் ரசத்தில் குறை சொல்கிறார். அதனால் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். உன் மகள் பிளஸ் டூவில் கணக்கு வேண்டாம் என்று சொன்னதைப் படித்துச் சிரித்தேன். யாருடைய மகள் அவள்!

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸிலும் ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறுகிறீர்கள், ஆறு மாதம் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும், இரண்டிலும் புது ரெக்கார்டு பிறக்கும், ஒவ்வொரு ரெக்கார்டையும் தனியாக அடையாளம் காட்டும் எண்ணான பிரைமரி கீ மோதாமல் இருக்க ஒற்றைப்படை இரட்டைப்படையாகப் பிரித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பிரிக்கலாம். போட்டோ தளமான ஃபிளிக்கர் 2006இலிருந்து அதைத்தான் செய்தது. இரண்டு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர், ஒன்று ஒற்றை எண்ணாகவே கொடுக்கும், மற்றது இரட்டை. ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். உன் விஷயத்தில் அடுத்த எண்ணை வரிசையாகக் கொடுக்கிற சீக்குவென்ஸை இரண்டு பக்கத்திலும் இரண்டு இரண்டாகத் தாவச் சொன்னால் போதும். கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. எங்களுக்கு அடி விழுந்தது கணக்கில் இல்லை, வேறு இடத்தில். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் நான் பார்த்தது ஒரு லாரி பார்சல் கம்பெனியின் வேலை. பெயர் வேண்டாம், இன்னும் பில் பாக்கி இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கக் கிளைகள். பழைய புக்கிங் சாஃப்ட்வேர் ஆரக்கிளில், புதியது போஸ்ட்கிரெஸில். ஒரே ராத்திரியில் எல்லாக் கிளையையும் மாற்ற முதலாளிக்குத் தைரியம் இல்லை. நாலு மாதத்தில் கிளை கிளையாக மாற்றுவது என்று முடிவு. திருப்பூர் புதிய சிஸ்டத்துக்கு வந்துவிட்டது, மதுரை இன்னும் பழையதில். திருப்பூரில் போட்ட பண்டலை மதுரையில் டெலிவரி கொடுக்க வேண்டுமே? அதனால் இரு பக்கமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரெக்கார்டுகள் போய்வரும்படி ஒரு சிங்க் ஓடியது.

இதில் கீ எது தெரியுமா? எல்.ஆர். நம்பரேதான், அதாவது லாரி ரசீது எண். ரசீதில் அச்சாகிற எண், பண்டல் சாக்கின் மேல் மார்க்கரால் எழுதுகிற எண், போனில் "எல்.ஆர். சொல்லுங்க" என்று கேட்கிற எண். எல்லாம் ஒன்று. ரசீதில் எட்டே கட்டம், அச்சடித்த கட்டுகள் கிளை கிளையாக அடுக்கி இருந்தன. அதனால் யுயுஐடி, அதாவது எங்கும் திரும்ப வராதபடி நீளமாகப் போடும் அடையாள எண், என்ற யோசனை அப்போதே கைவிட வேண்டியதாகிவிட்டது. எனக்கும் அது பிடிக்கும். நாலாம் வகையில் 122 பிட் வெறும் தற்செயல், இரண்டு டேட்டாபேஸ் ஒன்றை ஒன்று கேட்காமலே எண் போடலாம். 2024இல் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் ஏழாம் வகையையும் சேர்த்துவிட்டது. முன்பகுதியில் நேரம் இருப்பதால், டேட்டாபேஸ் தேடுவதற்கு வைத்திருக்கும் இண்டெக்ஸில் கண்ட இடத்தில் போய் விழாமல் வரிசையாகச் சேரும். போஸ்ட்கிரெஸ் 18இல் அதற்கென்று ஃபங்ஷனே உண்டு. ஆனால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்தை குடோனில் மூட்டை மேல் நின்றுகொண்டிருக்கிறவரிடம் போனில் சொல்லிப் பார். ட்விட்டர் தன் பதிவுகளுக்குப் போட்ட ஸ்னோஃபிளேக் மாதிரி 64 பிட் எண்ணும் அப்படித்தான், எட்டுக் கட்டத்தில் அடங்காது. அதில் வேறு ஒரு சிக்கல்: பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் 2இன் 53ஆம் அடுக்கு வரைதான் முழு எண்ணைப் பிசகாமல் பிடிக்கும், அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ட்விட்டரே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்ப வேண்டி வந்தது.

ஆக, நான் எடுத்தது எல்லை பிரிக்கிற வழி. ஆரக்கிள் அப்போது மூன்று கோடியே சொச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய சிஸ்டம் ஏழு கோடியில் தொடங்கட்டும் என்றேன். ஒற்றை இரட்டையை விட இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம், எண்ணைப் பார்த்ததுமே எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று புக்கிங் கிளார்க்குக்கும் தெரியும். நடுவே ஏறக்குறைய நாலு கோடி காலி. இதைத் தாண்டி எவன் வருவான் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் தேன் மாதிரி ஓடியது. நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். மதுரை குடோனிலிருந்து போன். "சார், பண்டல் என் கையில இருக்கு. பார்ட்டி எதிர்ல நிக்கிறாரு. கம்ப்யூட்டர்ல ஆளே வேற." திருப்பூர் பனியன் பண்டல் அது. திரையில் அதே எல்.ஆர். எண்ணுக்கு சிவகாசியிலிருந்து சேலம் போகிற காலண்டர் கட்டு. சிவகாசி பழைய சிஸ்டம். பழைய சிஸ்டம் எப்படி ஏழு கோடியில் எண் போட்டது? நான் முதலில் அவர் தப்பாகப் படிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது போன் கரூரிலிருந்து வந்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

நடந்தது இது. எண் போடுகிற கை இரண்டு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். மூன்றாவது ஒன்று இருந்தது. ஒரு பெரிய பார்ட்டி மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நூற்றுக்கணக்கான புக்கிங்கை எக்செல்லில் அனுப்புவாராம். அதை ராத்திரி பதினொன்றுக்கு ஏற்றுவதற்கு எந்தக் காலத்திலோ யாரோ எழுதிய சின்ன புரோகிராம், ஹெட் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் அறையில் ஒரு பழைய பிசியில் கிடந்தது. அது சீக்குவென்ஸைக் கேட்காது. டேபிளில் உள்ள பெரிய எண்ணை எடுத்து ஒன்று கூட்டும். நம் ஆட்கள் செல்லமாகச் சொல்லும் மேக்ஸ் பிளஸ் ஒன். ராத்திரியில் வேறு யாரும் புக் பண்ணுவதில்லை என்பதால் வருடக்கணக்காக அது பிழைத்துக்கொண்டது. ஏற்றி முடித்ததும், மறுநாள் காலையில் மோதக்கூடாதே என்று சீக்குவென்ஸை அந்த இடத்துக்கு ஒரே தாவாகத் தாவ வைக்கும். எத்தனை எத்தனையாகத் தாவ வேண்டும் என்கிற இன்கிரிமென்ட்டை வித்தியாசத்துக்குச் சமமாக மாற்றி, நெக்ஸ்ட்வேல் போட்டு அடுத்த எண் ஒன்றை எடுத்து, மறுபடி ஒன்றாக மாற்றுகிற பழைய ஆரக்கிள் தந்திரம் உனக்கும் தெரியும். எழுதியவர் மகா கெட்டிக்காரர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

திங்கள் ராத்திரி அது ஓடியபோது டேபிளில் பெரிய எண் எது? எங்கள் சிங்க் கொண்டுவந்து போட்ட, திருப்பூரில் பிறந்த ஏழு கோடிச் சொச்சம். அதோடு ஒன்று கூட்டி எக்செல்லை ஏற்றியது. பிறகு ஆரக்கிள் சீக்குவென்ஸையே தூக்கி என் வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. மறுநாள் காலையில் பழைய கிளைகள் அத்தனையும் ஏழு கோடியில் ரசீது போட ஆரம்பித்தன. யோசித்துப் பார், ஒற்றை இரட்டை வைத்திருந்தாலும் தப்பியிருக்காது. ஒற்றையோடு ஒன்று கூட்டினால் இரட்டை, அதுவும் அடுத்தவன் எண்தான்.

ஒரு எர்ரர் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்போம். வராததற்குக் காரணம் என் கைங்கரியம். சிங்க்கை எழுதும்போது, இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்று எழுதியிருந்தேன். போஸ்ட்கிரெஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட், ஆரக்கிளில் மெர்ஜ். அதனால் ஒரே எண்ணோடு இரண்டு புக்கிங் வந்தபோது டேட்டாபேஸ் கத்தவில்லை. மரியாதையாக ஒன்றின் மேல் மற்றதை எழுதிவிட்டது. பனியன் காலண்டர் ஆனது. மற்றப் பக்கத்தில் காலண்டர் பனியன் ஆனது.

சிங்க்கை நிறுத்தும்போது மணி ஐந்தே முக்கால். எங்களைக் காப்பாற்றியது பேக்கப் இல்லை, கார்பன் காப்பி. புதிய சிஸ்டத்துக்கு வந்த பிறகும் கிளைகளில் ரசீதுக் கட்டைக் கார்பன் வைத்துத்தான் ஓட்டினார்கள். கிளை கிளையாகப் போன் போட்டு, காலையிலிருந்து போட்ட ரசீதுகளை வாசிக்கச் சொல்லி எழுதினோம். பண்டல் மேல் எண்ணுக்குப் பக்கத்தில் புறப்பட்ட ஊரின் சுருக்கத்தையும் எழுதுகிற பழக்கம் குடோன் ஆட்களுக்கு இருந்தது. அதை எங்கள் டிசைன் மீட்டிங்கில் தேவையில்லாத வேலை என்று நானே சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் தூக்கம் போனது, பார்சல் ஒன்றும் தொலையவில்லை.

உனக்கு உதவுமென்று அப்புறம் செய்ததைச் சொல்கிறேன். ஆரக்கிள் சீக்குவென்ஸைப் பழைய இடத்துக்கு இறக்கி, அதற்கு மேக்ஸ்வேல்யூ, அதாவது உச்ச வரம்பு, 69999999 என்று வைத்தோம். முதல் நாளே வைத்திருக்க வேண்டியது. இனி யார் தள்ளினாலும் ஓஆர்ஏ-08004 என்று கத்தி நிற்கும். சிங்க் யூசரைத் தவிர வேறு யார் ஏழு கோடிக்கு மேல் நுழைத்தாலும் தானாக மறுக்கிற டிரிகர் ஒன்றும் ஆரக்கிளில் போட்டோம். சிங்க் இனி எந்தப் பக்கத்தில் பிறந்த ரெக்கார்டோ அந்தப் பக்கத்துத் திருத்தத்தை மட்டும் ஏற்கும், மற்றதைத் தனி டேபிளில் ஒதுக்கிவைத்து எனக்கு மெசேஜ் அனுப்பும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த டேபிளில் யார் யார் இன்சர்ட் செய்கிறார்கள் என்று ஆடிட் போட்டுப் பார். எந்த மெஷின், எந்த யூசர். ஒரு வாரம் போதாது, முழு மாதம் ஓடட்டும். மாதக் கடைசியில் மட்டும் கண் விழிக்கிற ஜந்துக்கள் உண்டு. டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த ஸ்டோர்ட் புரொசீஜர்களில் மேக்ஸ் என்ற சொல்லையும் தேடு.

உங்கள் புதிய பக்கம் ஜாவா என்று எழுதியிருந்தாய். ஜாவாவையும் டேட்டாபேஸையும் இணைக்கும் ஹைபர்நேட்டில் அலொகேஷன் சைஸ், அதாவது ஒரே தடவையில் ஒதுக்கிக்கொள்ளும் எண்களின் அளவு, சும்மா விட்டால் 50. டேட்டாபேஸ் சீக்குவென்ஸின் இன்கிரிமென்ட்டும் அதே 50 தானா என்று பார், இல்லாவிட்டால் அதுவே கொடுத்த எண்ணைத் திரும்பக் கொடுக்கக்கூடும். பழைய டேட்டாவை எண்ணோடு காப்பி செய்யும்போது போஸ்ட்கிரெஸ் சீக்குவென்ஸுக்கு அது தெரியாது, நீதான் செட்வேல் கட்டளை போட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் டேபிள்களில் எத்தனையில் இதை மறப்பீர்கள் என்று பந்தயம் கட்டலாம், நான் மூன்று என்கிறேன்.

ஜிஎஸ்டி பில் எண்ணையும் கீயாக வைத்திருந்தால் பிரித்துவிடு. விதி 46 தொடர் எண் கேட்கிறது, பதினாறு எழுத்துக்குள். சீக்குவென்ஸோ, பாதியில் வேலை ரத்தாகி ரோல்பேக் ஆனால் எடுத்த எண்ணைத் திருப்பி வைக்காது. ஆரக்கிள் வழக்கமாக இருபது எண்ணை மெமரியில் எடுத்து வைத்துக்கொள்ளும், சர்வர் விழுந்தால் அவையும் போச்சு. விட்டுப்போன எண்களுக்காக ஆடிட்டரிடம் ஒரு மதியம் முழுக்க விளக்கியிருக்கிறேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

அந்தப் பழைய பிசியின் புரோகிராமை எழுதியவரைத் தேடினேன். ரிட்டயர் ஆகி ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிறார். போன் போட்டேன். மனிதர் முதல் கேள்வியாக, "இன்னுமா அது ஓடுது?" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். மோதலைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. முருங்கை விலை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு நாலு நாள் ஊரில் இருப்பேன். நீ பழனி போவதாக இருந்தால் சொல், போகிற வழியில் அவரையும் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
கதிர்