ஆகஸ்ட் வெயிலில் டாஸ் போடாதீர்கள்

அமீரகத்தில் நம் ஆட்களுக்காக கிரிக்கெட் போட்டி நடத்தும் அண்ணன்கள், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

பத்து வருடத்துக்கு மேலாக உங்கள் போட்டிகளில் ஸ்கோர் எழுதுகிறவன் நான். வாரம் முழுக்க சைட்டிலும் குடோனிலும் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த மைதானம் என்ன என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரை டீ-சர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு அவர்களைக் கூப்பிட ஃபோர்மேன் கிடையாது. அதனால் போட்டியே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் போட்டி, எந்த டீம் என்பது வேண்டாம். மதியம் ஒரு மணிக்கு ஆட்டம். ஊரிலிருந்து வந்து ஒன்பது நாளே ஆன ஒரு பையன் பந்து போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது ஓவரில் மூன்று பந்து போட்டுவிட்டு நின்றான். “பந்து எங்கண்ணே?” என்று அம்பயரைக் கேட்டான். பந்து அவன் கையில்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் மறுபடி அதையே கேட்டான், நாக்கு குழறியது. அப்புறம் ஓடிவர வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு லெக் சைடு பக்கமாக நடந்துபோய் மண்ணில் உட்கார்ந்தான். தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி கொதித்தது உடம்பு.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது லபன் (இங்கே கடையில் விற்கும் மோர்) பாட்டில் வைத்திருந்த ஐஸ் பெட்டி. எதிர் டீமில் ஆண் நர்ஸ் ஒருவர் இருந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸை வைத்து, இருந்த தண்ணீரை எல்லாம் மேலே ஊற்றினார். வாயில் எதையும் ஊற்ற விடவில்லை, நினைவு தெளியாதவனுக்குப் புரையேறிவிடும் என்றார். 998-க்கு போன் போட்டோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உடம்பைக் குளிர வைத்ததால்தான் பிழைத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த நர்ஸ் அன்றைக்கு டியூட்டியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் ராத்திரி விழிப்பு வந்தால் யோசிக்கிறேன்.

இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிற சட்டம். மீறினால் கம்பெனிக்கு ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம், 50,000 வரை போகும். நம் பையன்களில் பாதிப்பேர் அந்தச் சட்டத்தால் வாரநாளில் நிழலில் உட்காருகிறவர்கள். சம்பளத்துக்கே செய்யக் கூடாதென்று தடுத்த நேரத்தில், அவர்களிடம் என்ட்ரி ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஓட விடுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

வாடகைக் கணக்கு எனக்கும் தெரியும். லைட் போட்ட மைதானம் ராத்திரியில் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை அதிகம். பதினாறு டீமை ஒரே நாளில் ஆடவைத்து முடிக்க வேண்டுமென்றால் மதியத்தை விட முடியாது. சரி, அப்படியென்றால் எட்டு டீம் போதும். மீதிப் பேர் அடுத்த வாரம் ஆடட்டும். ஆளுக்குப் பத்து, இருபது திர்ஹாம் கூடக் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் தருவார்கள்.

ராத்திரி வைத்துவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். ஆகஸ்டில் சூரியன் இறங்கினாலும் கடல் ஈரம் காற்றில் நிற்கும். வேர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அக்டோபரிலேயே பாருங்கள்: 2020 அக்டோபர் 2, துபாயில் ஹைதராபாத்துக்கு எதிரான ஐபிஎல் ஆட்டம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய ஆட்டம்தான். தோனி குனிந்து முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். தொண்டை வறண்டு இருமல் வந்தது என்று பிறகு அவரே சொன்னார். அவருக்குப் பக்கத்தில் டாக்டர் இருந்தார், பிசியோ இருந்தார். 2025 ஆசியக் கோப்பையிலும் வெயிலுக்காகவே ஆட்டங்களை அரை மணி நேரம் தள்ளி, மாலை 6:30-க்கு வைத்தார்கள். அவர்களே நேரத்தை மாற்றும்போது நாம் மாற்றினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அதனால் கோடையில் ராத்திரி ஆட்டம் என்றாலும் ஆறு ஓவருக்கு மேல் வேண்டாம். மூன்று ஓவருக்கு ஒரு தண்ணீர் இடைவேளை விடுங்கள். ஐஸ் பெட்டி ஒன்று குடிக்க, இன்னொன்று தொடாமல் அவசரத்துக்கு. எனர்ஜி டிரிங்க் ஸ்பான்சர் வேண்டாம், உப்புப் போட்ட மோர் கொடுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவனை முதல் இரண்டு வாரம் களத்தில் இறக்காதீர்கள். உடம்பு இந்த வெயிலுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். ஏசி குடோனில் வேலை பார்க்கிறவன் வந்து வருடக்கணக்கானாலும் புதியவன் மாதிரிதான்.

பார்க்க வருகிறவர்களையும் நினையுங்கள். போன வருடம் கைக்குழந்தையோடு வந்த ஒரு தங்கச்சி, நிற்க நிழல் இல்லாமல் மூன்று மணி நேரம் காரிலேயே ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் அடித்த சிக்ஸரை அவள் பார்க்கவே இல்லை. ஒரு பந்தலும் இருபது நாற்காலியும் கோப்பை வாங்குகிற காசுக்குள் வந்துவிடும்.

பெரிய கோப்பைகளை நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள். அப்போது இந்த ஊரில் காலை பத்து மணிக்கும் வெளியே நிற்கலாம். குழந்தைகளைக் கூட்டி வரலாம், பிரியாணி அண்டாவை மைதானத்திலேயே இறக்கலாம்.

இந்த ஆகஸ்டில் நடக்கப்போகும் ஒரு போட்டியின் போஸ்டர் நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் ஆட்டம் பகல் 12 மணி என்று போட்டிருக்கிறது. நடத்துகிற அண்ணனிடம் கேட்கிறேன், அந்த வரியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்புங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வைத்தாலும் ஸ்கோர் எழுத நான் வருகிறேன், இரண்டாவது ஐஸ் பெட்டியும் என் செலவு.

அன்புடன்,
உங்கள் ஸ்கோரர்