தங்கத்துக்கும் எடை உண்டு

ஐயா,

சென்ற ஞாயிறு இணைப்பில் கொள்ளைப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாமே எல்லோருக்கும் தெரிந்த பெரிய படங்கள். ஹூபர்ட் கார்ன்ஃபீல்ட் இயக்கி 1957-இல் வெளிவந்த 'பிளண்டர் ரோட்' படத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். 72 நிமிடம்தான், கருப்பு வெள்ளை. பேரன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான்.

கொட்டுகிற மழையில் ஐந்து பேர் ரயிலை நிறுத்தி அமெரிக்க அரசின் தங்கத்தை அடிக்கிறார்கள். மதிப்பு 1 கோடி டாலர். வேலை நடக்கும்போது பேச்சே கிடையாது, கைகள்தான் ஓடுகின்றன. பிறகு தங்கத்தை மூன்று லாரிகளில் பிரித்து, சாதாரணச் சரக்கு வண்டி போல லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்புகிறார்கள். (ஐவரில் ஒருவராக நடித்தவர் எலிஷா குக் ஜூனியர். பாவம், அந்த முகத்துக்கு எந்தப் படத்திலும் நல்ல காலம் வந்ததில்லை.)

நான் 31 வருடம் லாரி எடை மேடையில் உட்கார்ந்தவன். முன்சக்கரத்தை மேடை விளிம்புக்கு வெளியே நிறுத்திவிட்டு "எடை போடுங்கண்ணே" என்று அப்பாவி போல நிற்கும் டிரைவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அதனால் படம் ஓடும்போதே கணக்குப் போட்டேன். அன்று அவுன்ஸ் 35 டாலர். 1 கோடி டாலருக்கு ஏறக்குறைய 8,900 கிலோ வருகிறது. லாரிக்கு மூன்று டன்! மற்ற படங்களில் தங்கக்கட்டியைப் பஞ்சுத் தலையணை மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே ஒரு லாரி மாட்டுவதே வழியில் இருக்கும் எடை மேடையில்தான். "தாத்தா, உங்க ஆளு!" என்று பேரன் கத்தினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முடிவைச் சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம், அறுபது வருடத்துக்கு மேலான படம். தப்பி வந்த லாரியின் தங்கத்தை உருக்கி, காருக்கு பம்பராகவும் வீல் கப்பாகவும் வார்த்து, மேலே குரோம் பூசிவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நெரிசலில் பின்னால் வந்த கார் இடிக்க, பூச்சு உரிந்து மஞ்சள் தெரிந்துவிடுகிறது. பிரமாதமான யோசனை. ஆனால் எனக்கு ஒரே ஒரு குறை. அதுவரை எடையை மறக்காத இயக்குநர் இங்கே கோட்டை விட்டுவிட்டார். மூன்று டன்னில் பாதியை ஏற்றியிருந்தாலும் அந்தக் காரின் ஸ்பிரிங் படுத்து, வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போயிருக்கும். இடிக்க இன்னொரு கார் தேவையே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எடை மேடை ஆபரேட்டர்,
நாமக்கல்.