குரோனிங்கன் கிணறுகளைத் திறக்கச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் எரிவாயு நெருக்கடி குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உக்ரைன் போருக்குப் பிறகு விலை ஏறியதையும், ஜெர்மனி பட்ட பாட்டையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் நெதர்லாந்தைப் பற்றி எழுதும்போது, காலடியில் இவ்வளவு எரிவாயுவை வைத்துக்கொண்டு கிணறுகளை மூடியது உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரி என்னை மிகவும் வருத்தியது. அங்கேயும் சில அரசியல்வாதிகள் கிணறுகளை மீண்டும் திறக்கச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். அந்தக் கோரிக்கையின் மறுபக்கத்தையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நெதர்லாந்தின் வடகோடியில் உள்ளது குரோனிங்கன் மாகாணம். களிமண் நிலம், பெரிய பண்ணை வீடுகள், இடைக்காலத்துச் செங்கல் தேவாலயங்கள். 1959-இல் ஸ்லொக்டெரன் பகுதியில் ஒரு விவசாயியின் வயலில் துளையிட்டபோது எரிவாயு கிடைத்தது. அது உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று என்பது பின்னர்தான் தெரிந்தது. 1963-இல் உற்பத்தி தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் வீடுகளில் நிலக்கரி அடுப்பு போய் எரிவாயு வந்துவிட்டது. அந்த எரிவாயு வயலை நடத்தியது ஷெல், எக்ஸான் என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருந்த நிறுவனம். அரசுக்குக் கிடைத்த வருவாய் மட்டும் ஏறத்தாழ 36,000 கோடி யூரோ. அந்த இரண்டு நிறுவனங்களுக்கு 6,000 கோடிக்கு மேல். நாம் வியந்து பேசும் டச்சு மக்கள்நலத் திட்டங்களிலும் சாலைகளிலும் பாலங்களிலும் இந்தப் பணம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

நிலத்துக்குக் கீழே சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள மணற்கல் அடுக்கின் நுண்துளைகளில்தான் அந்த வாயு அடைபட்டிருந்தது. வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைகிறது, மேலே உள்ள பாறையின் எடையில் மணற்கல் நெரிகிறது, தரை தாழ்கிறது. அந்த அடுக்கில் ஏற்கெனவே இருக்கும் பிளவுகள் சட்டென நழுவும்போது நிலம் அதிர்கிறது. இயற்கையான பெரும்பாலான நிலநடுக்கங்கள் இதைவிடப் பல மடங்கு ஆழத்தில் நிகழ்பவை. குரோனிங்கனில் அதிர்வு தரைக்கு மிக அருகே பிறப்பதால், ரிக்டர் எண் சிறியதாக இருந்தாலும் வீட்டுக்கு அடி பலமாக விழுகிறது. நில அதிர்வையே அறியாத மண்ணில், அதை நினைத்தே பார்க்காமல் கட்டிய செங்கல் வீடுகள் அவை.

இது முன்கூட்டியே தெரியாத ஒன்றா? 1986 டிசம்பரில் பக்கத்து மாகாணத்தில் உள்ள அஸ்ஸன் நகரருகே நிலம் அதிர்ந்தது. எரிவாயு எடுப்பதுதான் காரணம் என்று மேயன்ட் ஃபான் டெர் ஸ்லாயிஸ் என்ற புவியியலாளர் அப்போதே சொன்னார். அவர் நிலவியல் நிபுணர் அல்லர் என்று ஏளனம் செய்தார்கள். 1993-இல்தான் அதிகாரபூர்வ ஆய்வொன்று இத்தொடர்பை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும், சிறு அதிர்வுகள்தானே, பெரிய சேதம் வராது என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது.

2012 ஆகஸ்ட் 16 அன்று ஹாய்சிங்கே என்ற சிற்றூரில் 3.6 அளவில் அதிர்வு வந்தது. அடுத்த ஜனவரியில் அரசின் சுரங்கக் கண்காணிப்பு அமைப்பே, முடிந்த அளவு விரைவாக உற்பத்தியைக் குறையுங்கள் என்று எழுத்தில் கொடுத்தது. அமைச்சர் ஹெங்க் காம்ப் மேலும் ஆய்வுகள் தேவை என்றார். ஆய்வுகள் நடந்த அதே 2013-இல் எடுக்கப்பட்ட வாயு 5,400 கோடி கன மீட்டர். முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். கட்டுரையாளர் 'உணர்ச்சிவசப்பட்ட முடிவு' என்கிறாரே, எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உற்பத்தியைக் கூட்டிய இந்த முடிவை என்னவென்று சொல்வது?

சேதம் ஏற்பட்டவர்கள் பட்ட பாடு தனிக்கதை. சுவரில் விரிசல் விட்டால் வீட்டுக்காரர் முறையிட வேண்டியது அதே எரிவாயு நிறுவனத்திடம்தான். பார்வையிட வரும் மதிப்பீட்டாளரையும் அந்த நிறுவனமே அனுப்பியது. பழைய விரிசல், கட்டுமானக் குறை, களிமண்ணின் இயல்பு என்று காரணங்கள் வரிசையாக வந்தன. இல்லை, அதிர்வுதான் காரணம் என்று ஓர் ஆசிரியரோ பால்பண்ணைக்காரரோ சொந்தக் காசில் நிபுணரை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சேத முறையீடுகள். ஏறத்தாழ 27,000 கட்டடங்களைப் பலப்படுத்த வேண்டுமா என்று ஆராய வேண்டிய நிலை. மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்த சுவர்களுக்குள் குடும்பங்கள் வருடக்கணக்கில் குடியிருந்தன. ஒரே தெருவில் ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவார்கள். அடுத்த வீட்டுக்கு, விதி மாறிவிட்டது என்று கடிதம் வரும். தலைமுறைகளாகக் கூடி வாழ்ந்த அண்டை வீட்டார் இதனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டை விற்கவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. திரும்பத் திரும்பச் சேதம் அடைந்த வீடுகளில் வாழ்பவர்களின் உடல்நலமும் மனநலமும் கெட்டிருப்பதைக் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2018 ஜனவரியில் சீரெய்ப் என்ற ஊரில் 3.4 அளவில் மீண்டும் அதிர்ந்த பிறகே, உற்பத்தியை அடியோடு நிறுத்துவதாக அரசு அறிவித்தது. உடனே நிறுத்த முடியாததற்கும் காரணம் இருந்தது. குரோனிங்கன் வாயுவில் நைட்ரஜன் அதிகம். ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் பல லட்சம் அடுப்புகளும் கொதிகலன்களும் அந்த வகை வாயுவுக்கென்றே அமைந்தவை. ஆனாலும் ரஷ்ய வாயு நின்றுபோன 2022-இல்கூடக் கிணறுகளை முழுவதும் திறக்க அரசு துணியவில்லை. 2023 அக்டோபர் 1 அன்று உற்பத்தி நின்றது. 2024 ஏப்ரலில் நிரந்தர மூடல் சட்டமானது.

அதற்கு முன்பு, 2023 பிப்ரவரி 24 அன்று, நாடாளுமன்ற விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. குரோனிங்கன் மக்களின் நலன் திட்டமிட்ட வகையில் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது, அவர்களுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது என்று அது கூறியது. பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டார். முப்பது ஆண்டுகளில் 2,200 கோடி யூரோ செலவிடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அழுத்தம் சமநிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், குழாயை மூடியும் அதிர்வு நிற்கவில்லை. திறக்கச் சொல்பவர்கள் ஒரு முறையேனும் அதிர்வுப் பகுதியில் உள்ள லொப்பர்சம் என்ற ஊர்ப் பக்கம் போய் அந்த மக்களிடம் பேசிவிட்டுச் சொல்லட்டும்.

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் தேவையானது ஒன்று உண்டு. 2017 முதல் நெதர்லாந்தில் சட்டம் மாறியது. எரிவாயு வயல் பகுதியில் கட்டடத்துக்கு இத்தகைய சேதம் வந்தால், அதற்குத் தான் காரணமல்ல என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். பின்னர் சேதத்தை மதிப்பிடும் வேலையும் நிறுவனத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்டுப் பொது அமைப்பிடம் தரப்பட்டது. அறிக்கைகளும் மன்னிப்பும் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்காரருக்குக் கையில் பிடிக்க ஏதாவது கிடைத்தது என்றால் அது இந்தச் சட்டம்தான்.

நான் காவிரிப் படுகையில் வாழ்பவன். மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்த மண் இது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆயினும் அதற்கு முன்பே இயங்கிவந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை. எங்கள் நிலத்தடி அமைப்பு வேறு, குரோனிங்கன் வேறு; இங்கும் நிலம் அதிரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. எங்கள் வயலில் எண்ணெய் கசிந்தாலும் கிணற்று நீர் கெட்டாலும், அதை நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் கேட்கிறேன். ஆய்வகமும் பொறியாளரும் வழக்கறிஞரும் இருக்கும் நிறுவனத்தின் தலையிலா, குறுவை அறுவடைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் விவசாயியின் தலையிலா? அந்த ஒரு சட்டப்பிரிவைத் தமிழ்நாட்டு வேளாண் மண்டலச் சட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களை வலியுறுத்துகிறேன்.

வெள்ளத் தடுப்புக்கும் நீர் மேலாண்மைக்கும் டச்சு வல்லுநர்களை அழைத்துப் பேசுகிறோம், நல்லது. கடலைத் தடுத்த அவர்களின் திறமையை எழுதும் பத்திரிகைகள், சொந்த மக்களிடம் அவர்கள் தவறியதையும் அதை அவர்களே விசாரித்து எழுதிவைத்ததையும் எழுத வேண்டும். அந்த விசாரணை அறிக்கையின் முக்கியப் பகுதிகளைத் தாங்கள் தமிழில் தொடராக வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதலில் சேத இழப்பீட்டைப் பற்றிய பகுதியை வெளியிட்டால், படுகை மாவட்டங்களில் அதைப் படிக்கக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி