முதலில் அந்தச் செய்தியை அழி

அன்புள்ள சுந்தரி,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டப்போகிறாய். திட்டிக்கொள். அதற்கு முன்னால் போனை எடுத்து, சங்கத்து வாட்ஸாப் குழுவில் நேற்று நீ போட்ட செய்தியை அழி. அழித்துவிட்டாயா? சரி, இனிப் படி.

“நம் மலர் பைலட் ஆகிவிட்டாள்! சனிக்கிழமை டாலஸிலிருந்து ஹூஸ்டன் போய் வரலாம், மூன்று சீட், ஆளுக்கு 240 டாலர், முந்துபவர்களுக்கே.” பெருமையில்தான் போட்டாய், தெரியும். விமான வாடகை மணிக்கு 180, போக வர நாலு மணி நேரம், ஆக 720. மூன்று பேரிடம் வாங்கிவிட்டால் ஓட்டுகிறவளுக்கு இலவசம்! கணக்கில் எப்போதும் நீதான் முதல், அந்த மெஸ் பில் விவகாரத்தைத் தவிர. ஆனால் இந்தக் கணக்கு என் லைசென்ஸுக்கு உலை வைத்துவிடும்.

என்னிடம் இருப்பது பிரைவேட் பைலட் லைசென்ஸ். காசுக்கு ஆள் ஏற்றக் கூடாது. செலவைப் பகிரலாம், அதற்கும் அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் 61.113 என்ற விதி கடிவாளம் போட்டிருக்கிறது. எத்தனை பேர் போகிறோமோ அத்தனை பங்கு. அதில் ஒரு முழுப் பங்குக்குக் குறையாமல் நான் கொடுக்க வேண்டும். பகிரக்கூடியது எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை, அவ்வளவுதான். நாளை நானே ஒரு விமானம் வாங்கினால் (சிரிக்காதே) இன்ஷூரன்ஸையும் இன்ஜின் பழுதையும் உன் தலையில் கட்ட முடியாது. ஓசியில் பறந்து என் கணக்கில் மணி நேரம் ஏற்றிக்கொண்டால் அதையே கூலி என்கிறார்கள்.

போகிற காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கீதா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நானும் போகிறேன், நீயும் வருகிறாய் என்றால் சரி. யாரையோ ஹூஸ்டனில் இறக்கிவிடுவதற்காகவே நான் கிளம்பினால் அது டாக்ஸி.

இதையெல்லாம்விட மோசம், ஊரறியக் கூவி ஆள் சேர்ப்பது. ‘ஹோல்டிங் அவுட்’ என்பார்கள். அதற்கு விளம்பரம்கூட வேண்டியதில்லை, கேட்டால் ஏற்றிப்போவாள் என்று பேர் எடுத்தாலே போதும். ஏஜென்ட் வைத்து ஆள் பிடித்தாலும் மாட்டுவது நான்தான். இங்கே ஏஜென்ட் யார் என்று சொல்ல வேண்டுமா, அம்மணி?

பைலட்டையும் பயணியையும் இணையத்தில் சேர்த்துவைத்த ஃப்ளைட்நவ் என்ற நிறுவனம், அதுவும் ஹோல்டிங் அவுட்தான் என்று எஃப்.ஏ.ஏ. சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2015 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ. சொல்வதே சரி என்றது. 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஐரோப்பாவில் பைலட்டோடு சேர்த்து 6 பேர் வரை பகிரலாம், இணையத்திலேயே ஆள் சேர்க்கிறார்கள். அங்கே ஆகிறது இங்கே ஏன் ஆகாது என்று எனக்கும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் 2019 ஜனவரியில் இறந்த எமிலியானோ சாலா ஞாபகம் இருக்கிறதா? உன் பையன் அழுதானே, அந்தக் கால்பந்து வீரர். அவரை ஏற்றிப்போனவரிடம் இருந்ததும் பிரைவேட் லைசென்ஸ்தான். காசுக்கு ஓட்ட அனுமதி இல்லை, இரவில் ஓட்டவும் தகுதி இல்லை. இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தார்கள். விமானத்துக்குள் கார்பன் மோனாக்சைடு கசிந்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 18 மாதம் சிறை.

போன மாதம் ரவியோடு கிளம்பி அரை மணி நேரத்தில் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. திரும்பிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, இறங்கியதும் காபி வாங்கிக் கொடுத்தான். பின்சீட்டில் 240 டாலர் கொடுத்த ஒருவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தால் திரும்பியிருப்பேனா? திரும்பியிருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை. அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை, சுந்தரி.

அப்புறம், சனிக்கிழமை. நாலு சீட் இருக்கிறதே ஒழிய, டாங்க் நிறைய எரிபொருள் ஊற்றினால் நாலு பெரியவர்களை அது தாங்காது. நீ, நான், ரவி. 720ஐ மூன்றால் வகு. நீ போட்ட அதே 240தான், ஒரு பங்கு என் பர்ஸிலிருந்து. உன் எடையையும் பையின் எடையையும் எழுதி அனுப்பு. ஹாஸ்டல் காலத்து எடை வேண்டாம், இன்று காலை தராசு சொன்னதை எழுது.

அன்புடன்,
மலர்