ஏனோக்கு பாடம்: மகளுக்கு

அன்பு மகளே,

ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் ஏனோக்கைப் பற்றிப் பாடம் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம்.

முதலில் எந்த ஏனோக்கு என்று சொல்லிவிடு. ஆதியாகமம் 4-ல் காயீனுக்கும் ஏனோக்கு என்று ஒரு மகன் உண்டு. காயீன் தான் கட்டின பட்டணத்துக்கு அவன் பேரைத்தான் வைத்தான். நம்முடையவர் 5-ஆம் அதிகாரத்தில் வரும் யாரேத்தின் மகன், ஆதாமிலிருந்து ஏழாம் தலைமுறை.

அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல். ஆதாம் தொடங்கி ஒவ்வொருவராக "மரித்தான்" என்று வரும். 24-ஆம் வசனத்தில் மட்டும் "ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்." அங்கே நிறுத்து. நீயாக விளக்காதே, கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.

பிறகு ஏனோக்கு எப்போது வாழ்ந்தார் என்று கரும்பலகையில் கணக்கு. மகனைப் பெற்ற வயதை மட்டும் கூட்ட வேண்டும். 930, 912 என்று மொத்த ஆயுசைக் கூட்டிவிடுவார்கள், பார்த்துக்கொள். ஆதாம் 130, சேத் 105, ஏனோஸ் 90, கேனான் 70, மகலாலெயேல் 65, யாரேத் 162. ஆக ஆதாம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணினால் 622-ஆம் வருஷத்தில் ஏனோக்கு பிறக்கிறார். 365 வயதில், அதாவது 987-ல், எடுத்துக்கொள்ளப்படுகிறார். ஆதாம் மரித்தது 930-ல். அப்படியானால் இரண்டு பேரும் 308 வருஷம் ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள்! நோவா பிறந்ததோ 1056-ல். நோவாவுக்கு ஏனோக்கு நேரில் உபதேசித்தார் என்று யாராவது சொன்னால், நம் வேதாகமத்தின் கணக்கே இடம் கொடுக்காது. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்ட்டில் எண்கள் மாறும். ஏனோக்கு தன் மகன் மெத்தூசலாவைப் பெற்றது 65-க்குப் பதில் 165 வயதில். மொத்தம் அதே 365.

பெரிய பிள்ளைகள் நம் வேதாகமத்தில் இல்லாத ஏனோக்கின் புத்தகத்தைப் பற்றிக் கேட்பார்கள், யூடியூபில் அதுதானே ஓடுகிறது. யூதா 14, 15-ல் உள்ள தீர்க்கதரிசனம் அதன் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை அதை வேதமாக ஏற்கிறது. முழுசாகக் கிடைத்திருப்பது எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயஸில்தான். அரமேயுத் துண்டுகள் சவக்கடல் பக்கத்துக் கும்ரான் 4-ஆம் குகையில் கிடைத்தன. கேட்டால் இவ்வளவும் சொல், ஒளிக்க வேண்டாம். ஆனால் பாடத்தை அதன்மேல் கட்டாதே.

இத்ரீஸ் நபியைப் பற்றியும் கேட்கலாம். குர்ஆன் 19:56, 57 அவரைச் சத்தியவான், நபி என்கிறது, உயர்ந்த இடத்துக்கு உயர்த்தப்பட்டார் என்கிறது. அவர்தான் ஏனோக்கு என்று சொல்வது விரிவுரையாளர்கள். குர்ஆன் வசனத்தில் அந்தப் பேர் இல்லை. மரியாதையாகச் சொல்.

மனப்பாட வசனமாக எபிரெயர் 11:5 கொடு. சின்னதுகளுக்கு அது நீளம், ஆதியாகமம் 5:24 போதும்.

அன்புடன்,
அம்மா