கிட்டாரை விற்க முடிவெடுத்த தம்பிக்கு

தம்பி,

விற்றுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டாயாம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். வீட்டுப் பெரியவர்களும் படிக்கிற இடம் இது, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நீ வாசிக்கும்போது கம்பிமேல் விரல் உரசி எழும் கீச்சுச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீ அனுப்பிய ஒலிப்பதிவில் பல்லவி முடிகிற இடம் என் காதை விட்டுப் போகவே இல்லை. குரல் அடங்குகிறது, ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் எஃப் பார் கார்டிலிருந்து ஜி கார்டுக்கு ஏறுகிறாய், நடுவில் கீச்சென்று ஒன்று. எவ்வளவு அழகாகப் பாடி நிறுத்தியிருந்தாய்! பழியைக் கிட்டார்மேல் போட்டுவிட்டாய். அது என்ன செய்யும்? அந்த கார்டில் நடுவிரல் மூன்றாம் கம்பியில், மோதிரவிரல் ஐந்தில், சுண்டுவிரல் நான்கில். மூன்றுமே வெண்கலம் சுற்றிய கம்பிகள். சுற்றுக்கம்பி 0.4 மி.மீ. தடிமன் என்றால், நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் இழுபடும் விரல் நொடிக்கு 1250 மேடுகளில் உரசுகிறது. வேகம் கூடக்கூடக் கீச்சின் சுருதியும் ஏறும்.

நீ அழுத்திய கையோடு இழுக்கிறாய். முதலில் அழுத்தத்தை மட்டும் விடு. விரல் கம்பியைத் தொட்டபடியே இருந்தால் நாதம் அடங்கும். பிறகு நேராக மேலே, இரண்டு மூன்று மில்லிமீட்டர். அதன்பிறகுதான் நகர வேண்டும். அழுத்தியபடியே வெடுக்கென்று எடுத்தால் திறந்த கம்பிகள் ஒலித்துவிடும், அதற்குப் பயந்துதான் பலரும் இழுக்கிறார்கள். பின்னால் கட்டைவிரலின் பிடி தளராவிட்டால் மற்ற விரல்கள் எழவே எழாது. தாளம் தட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, நான்காம் அடியின் பின்பாதியில் விட்டு, அடுத்த சுற்றின் முதல் அடியில் இறங்கு. இதை மட்டும் பழகு, பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லார் முன்னாலும் சொல்வதற்கு மன்னித்துக்கொள். ஃபோனை எடுத்திருந்தால் இப்படி எழுத வேண்டி வந்திருக்காது.

விரல்நுனிக் காய்ப்பின் ஓரம் உரிந்து சொரசொரப்பாக இருந்தால், நகம் தேய்க்கும் அரத்தின் மெல்லிய பக்கத்தால் நிரவிவிடு. கம்பிக்கு எண்ணெய் பூசாதே. சுற்றின் இடுக்கில் அழுக்கோடு சேர்ந்து அடைந்து நாதம் மங்கிவிடும். கம்பி மாற்றுவதானால் எலிக்ஸிர் மாதிரி பூச்சுள்ளவை வாங்கு. அதில் இரண்டு வகை: பாலிவெப்பின் பூச்சு தடிமன், கீச்சு குறைவு. நானோவெப் மெல்லியது, நாதம் பளிச்சென்றிருக்கும், கீச்சும் கொஞ்சம் மிஞ்சும். தட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டால் கீச்சு அநேகமாக ஒழியும், கூடவே அந்தக் கிட்டாரின் பளிச்சும் ஒழியும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஏற்கெனவே பதிவானதில், ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசருக்கு முன்னாலேயே கீச்சு விழும் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல் இறக்கு. கம்ப்ரசரை முதலில் போட்டால் நாதம் அமுங்கிக் கீச்சுதான் தூக்கலாகக் கேட்கும். குரலுக்கு அடியில் கிடக்கும் மற்றவற்றைத் தொடாதே, ஒட்டுமொத்தமாகத் துடைத்தால் வாசிப்பு உயிரில்லாமல் போகும். பல்லவி முடிவில் இருப்பதை மட்டும் எடு.

அண்ணன்